24 மணி நேரத்தில் மறையும் என்று அனுப்பிய படம் ஏன் மறையவில்லை?

கேள்வி: மூத்த மகளுக்கு வரன் பார்க்கிறோம். எங்களுக்கு ஊர் தேவகோட்டை. வரன் சொல்லும் பெரியவர் ஒருவருக்கு மகளின் படம் ஒன்றையும், அவர் கேட்டதால் கழுத்துருவும் (எங்கள் கல்யாணத் தாலி நகை) வைர நகைகளும் இருக்கும் படம் ஒன்றையும் வாட்ஸப்பில் அனுப்பினேன். 24 மணி நேரத்தில் மறைகிற மாதிரி வைத்துத்தான் அனுப்பினேன். என் போனில் நகைப் படம் மறைந்துவிட்டது. மகளின் படம் மட்டும் இன்னும் இருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத ஓர் ஆச்சி தன் போனில் இரண்டு படங்களையும் காட்டி, “இது உங்க மகதானே?” என்கிறார். எப்படி இது? கல்லூரியில் படிக்கும் இளைய மகள் ஸ்னாப்சாட் வைத்திருக்கிறாள். “அதுல பார்த்த உடனே அழிஞ்சுரும் ஆத்தா, பயமே இல்லை” என்கிறாள். நம்பலாமா? இனி வரன் வீட்டாருக்குப் படம் அனுப்புவது எப்படி? போன படங்களை என்ன செய்வது?

பதில்:

ஆச்சிக்கு வணக்கம். நகைப் படம் மறைந்தது, மகளின் படம் மறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. வாட்ஸப்பில் மறையும் செய்தி வசதியைப் போட்டால், போட்ட நேரத்துக்குப் பிறகு அனுப்புகிறவை மட்டும்தான் மறையும். அதற்கு முன்னால் போனவற்றை அது தொடாது. அந்தப் பெரியவருடனான உரையாடலைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். டைமர் போடப்பட்டது என்று நடுவில் ஒரு சிறிய அறிவிப்பு வரி இருக்கும். மகளின் படம் அந்த வரிக்கு மேலே இருக்கும். முதல் படத்தை அனுப்பிவிட்டு, ‘அடடா, டைமர் போடவில்லையே’ என்று போட்டுவிட்டு, அடுத்த படத்தை அனுப்பியிருப்பீர்கள். பலருக்கும் நேரும் தவறு இது.

நகைப் படம் உங்கள் போனில் மறைந்தும் இன்னொருவர் போனில் இருப்பதற்குக் காரணம் வேறு. டைமர் ஒட்டிக்கொண்டிருப்பது உரையாடலோடு, படத்தோடு அல்ல. பெரியவர் அந்த ஒரு நாளுக்குள் படத்தை அந்த ஆச்சிக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், அது அவர்கள் இருவருடைய உரையாடலுக்குப் போய்விட்டது. அங்கே டைமர் இல்லையென்றால் படம் அங்கேயே கிடக்கும். உங்கள் 24 மணி நேரம் முடிந்தபோது மறைந்தது உங்கள் உரையாடலில் இருந்த பிரதி மட்டும்தான். அவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. வரன் சொல்கிறவருக்குப் படத்தை நாலு பேரிடம் காட்டுவதுதான் வேலை.

ஃபார்வர்டு இல்லாமலும் படம் தங்கும். பலருடைய போனில் வாட்ஸப்பில் வரும் படங்கள் தாமாகவே கேலரிக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டில் இதன் பெயர் மீடியா விசிபிலிட்டி, ஐபோனில் சேவ் டு போட்டோஸ். இரண்டும் செட்டிங்ஸில் சாட்ஸ் என்ற பகுதிக்குள் இருக்கின்றன. அப்படிக் கேலரியில் சேர்ந்த படம் அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிட்டால், வாட்ஸப் உரையாடல் மறைவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. இதில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, அந்த செட்டிங் வாங்குகிறவருடையது. உங்கள் போனில் எதை அணைத்தாலும் அவர் கேலரி உங்கள் கைக்குள் வராது. சாதாரண மறையும் உரையாடலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் தடை இல்லை. எடுத்தால் உங்களுக்குத் தெரியவும் வராது. செய்தியை அழுத்திப் பிடித்து ‘கீப்’ கொடுத்தாலும் அது நிற்கும். ஆனால் அப்போது உங்களுக்கு அறிவிப்பு வரும், வேண்டாம் என்று நீங்கள் ரத்து செய்யலாம். 2023-இல் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது முடிவை அனுப்பியவர் கையில் கொடுத்தது நல்ல காரியம்.

ஆக, மறையும் செய்தி என்பது நாள்தோறும் வீடு பெருக்குகிற மாதிரி. உரையாடலில் பழைய குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும். பெட்டகத்துக்குப் பூட்டு என்று அதை நம்பி நகைப் படம் அனுப்பக் கூடாது.

அதற்காக அணைத்துவிடவும் வேண்டாம். ஒரு போன் தொலைந்தாலோ, விற்கப்பட்டாலோ, பழுது பார்க்கக் கடைக்குப் போனாலோ, மூன்று வருடத்து உரையாடல் அதில் இல்லாமல் இருப்பது பெரிய பாதுகாப்பு. செட்டிங்ஸ், பிரைவசி, டிஃபால்ட் மெசேஜ் டைமர் என்று போய் 90 நாள் வைத்துவிடுங்கள். இனி நீங்கள் புதிதாகத் தொடங்கும் தனி உரையாடல் எல்லாவற்றுக்கும் டைமர் தானாகவே விழும். முன்பு மறந்தது போல மறக்க வழியில்லை. ஏற்கெனவே இருக்கும் உரையாடலுக்கு, மேலே பெயரைத் தொட்டு, டிஸப்பியரிங் மெசேஜஸ் என்பதில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தனி உரையாடலில் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் டைமரைப் போடலாம், எடுக்கலாம். அதனால் முக்கியமான ஒன்றை அனுப்பும் முன், கடைசி அறிவிப்பு வரி என்ன சொல்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அதே பக்கத்தில் அட்வான்ஸ்டு சாட் பிரைவசி என்று ஒன்றும் இருக்கும். 2025 ஏப்ரலில் வந்தது. இதைப் போட்டால் எதிர்ப்பக்கத்தில் படம் தானாகக் கேலரிக்கு இறங்காது. உரையாடலை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யவும், அதாவது கோப்பாக வெளியே எடுக்கவும், முடியாது. சாதாரணமாக அனுப்பும் படத்தில், மேலே சொன்ன கேலரிச் சிக்கலுக்கு அனுப்புகிறவர் பக்கத்தில் இருந்து செய்யக்கூடியது இந்த ஒன்றுதான். ஸ்கிரீன்ஷாட்டை இது தடுக்காது. வளவுப் பங்காளிகள் (பூர்வீக வீட்டில் பங்குள்ள உறவினர்கள்) வாட்ஸப் குழுவில் இதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற எண்பது பேர் போனில், பூட்டிக் கிடக்கும் வீட்டின் உள்கட்டுப் படங்கள் தாமாக இறங்கிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

இனி, ‘வியூ ஒன்ஸ்’ என்னும் ஒரே முறை பார்க்கும் வசதி. 2021 ஆகஸ்டில் வந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்ததும், கீழே குறிப்பு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 1 என்று ஒரு அடையாளம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மறக்காமல் தொட வேண்டும். ஒரு முறை தொட்டால் அடுத்ததற்கும் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி அனுப்பியதை ஃபார்வர்டு செய்ய முடியாது, கேலரியிலும் சேராது. அவர் திறந்து மூடினால் போய்விடும். 14 நாளுக்குள் திறக்காவிட்டாலும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் தடை 2022-இல் இதில் சேர்ந்தது. அவர் திறந்தாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், அவர் ரீட் ரிசீட்ஸ் (படித்ததைக் காட்டும் நீலக் குறி) வைத்திருக்க வேண்டும். இத்தனை இருந்தும், பக்கத்தில் இருப்பவர் இன்னொரு போனைத் தூக்கிப் பிடித்துத் திரையைப் படம் எடுத்தால் எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது.

வரன் படத்துக்கு வியூ ஒன்ஸ் சரிப்படாது என்பதுதான் என் கருத்து. மாப்பிள்ளையின் ஆத்தா திறந்து பார்த்து மூடியதும் படம் போய்விடும். அப்பச்சி பார்க்க வேண்டும், அப்பத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டும். “போட்டோவை மறுபடி அனுப்புங்க” என்று மூன்று தரம் கேட்டு, கடைசியில் நீங்களே சலித்துப்போய்ச் சாதாரணமாக அனுப்பிவிடுவீர்கள். வியூ ஒன்ஸை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: யாராவது அடையாள அட்டை கேட்டால், வங்கித் தாள் கேட்டால், அதற்கு அது தோதாக இருக்கும். ஆதார் என்றால் அதிலும் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்தில் இறக்கி அனுப்புங்கள்.

வரன் படத்துக்கு உதவுவது அதன் மேலேயே எழுதி அனுப்புவது. வாட்ஸப்பில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே ஆங்கில ‘T’ என்ற எழுத்து இருக்கும். அதைத் தொட்டு, யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் ஊரோ வீட்டு அடையாளமோ, கூடவே மாதமும் வருடமும் எழுதுங்கள். ‘பள்ளத்தூர் வீட்டாருக்கு மட்டும்’ என்ற மாதிரி. மூலையில் எழுதாதீர்கள், வெட்டி எடுப்பது எளிது. சேலையின் குறுக்கே, மங்கலான நிறத்தில், முகத்தை மறைக்காமல் வரட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு எழுத்து. நாளைக்கு அந்தப் படம் எங்கேயாவது சுற்றி வந்தால், எந்த வீட்டு வழியாகப் போனது என்று பார்த்த உடனே தெரியும். தன் பெயர் எழுதிய படத்தை யாரும் லேசில் அடுத்தவருக்குத் தள்ள மாட்டார்கள். எந்த டைமரும் செய்யாத வேலையை இது செய்கிறது.

படத்தோடு போகும் விவரத் தாளில் கவனம் அதைவிட அதிகம் வேண்டும். எந்தக் கோயில், எந்தப் பிரிவு, நட்சத்திரம், படிப்பு, வேலை இவை முதல் சுற்றுக்குப் போதும். பிறந்த தேதி முழுசாக, வீட்டு முகவரி, மகளின் சொந்த போன் எண் மூன்றும் ஒரே தாளில் முகப் படத்தோடு சேர்ந்து போக வேண்டாம். இந்த நான்கும் சேர்ந்தால் மகள் பெயரில் போலிக் கணக்கு தொடங்குவது சுலபம். சாதகம் கேட்கும்போது தனியாகக் கொடுங்கள், தொடர்புக்கு உங்கள் எண்ணைப் போடுங்கள். இன்னொன்று: படத்தைப் படமாகவே அனுப்புங்கள், டாக்குமெண்டாக அனுப்பாதீர்கள். ‘தெளிவு குறையக் கூடாது’ என்று டாக்குமெண்டாக அனுப்பினால், படம் எடுத்த இடத்தின் குறிப்பு அதற்குள்ளேயே இருந்து கூடவே போகும். சாதாரணப் படமாக அனுப்பும்போது வாட்ஸப் அதை நீக்கிவிடுகிறது. கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் என்பதை அணைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

உங்கள் சொந்த போனையும் பாருங்கள். வாட்ஸப்பில் மறைந்தது நீங்கள் அனுப்பிய பிரதி. நீங்கள் எடுத்த மூலப் படம் உங்கள் கேலரியிலும், பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸிலும் பத்திரமாக இருக்கும். அந்தக் கூகுள் கணக்கு வீட்டில் வேறு யார் போனிலாவது, பேரன் விளையாடும் டேப்லெட்டிலாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், லிங்க்டு டிவைசஸ் என்பதைத் திறந்து, நான்கு கருவிவரை இணைக்கலாம் என்பதால், அங்கே நீங்கள் அறியாத ஒன்று இருந்தால் தொட்டு லாக் அவுட் கொடுங்கள். பிரிண்ட் எடுக்கப் போன கடையில் இணைத்துவிட்டு மறந்து வருவது நிறைய நடக்கிறது. அங்கே நம் உரையாடல் எல்லாம் திறந்தே கிடக்கும்.

இளைய மகள் சொல்வது பாதி உண்மை. ஸ்னாப்சாட்டில் ஒருவருக்கு அனுப்பிய படத்தை அவர் பார்த்து முடித்ததும், நிறுவனத்தின் சர்வரில் இருந்து அழிக்கப்படும் வகையில்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் “பார்த்தால் அழிந்துவிடும்” என்ற அந்த வாக்குறுதிக்காகவே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2014-இல் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. வேறு ஆப்கள் வழியாகத் திறந்து சேமிக்க முடிந்தது, வீடியோக்கள் போனில் பாதுகாப்பில்லாத இடத்தில் தங்கியதால் கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்க முடிந்தது என்பவை குற்றச்சாட்டில் இருந்தன. 20 வருடம் வெளியார் கண்காணிப்புக்கு உட்படுவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் பழைய ஓட்டைகளை விடுங்கள்; இன்றைக்கு அவள் கவனிக்க வேண்டியவை வேறு.

படம் எடுத்ததும் வலப்பக்கம் நேரம் வைக்கும் அடையாளம் இருக்கும். 1 முதல் 10 நொடி வரை வைக்கலாம். அல்லது வரம்பில்லை என்று, படுத்த எட்டு போன்ற குறியில் விடலாம். வரம்பில்லாமல் அனுப்பிய ஸ்னாப்பை வாங்கியவர் உரையாடலிலேயே சேமித்துக்கொள்ள வழி உண்டு. “அழிஞ்சுரும்” என்று நம்பி அனுப்பியது அங்கே தங்கிவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே நொடி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துச் செய்தியையும் யாராவது அழுத்திச் சேமித்தால், அதன் பின்னணி சாம்பல் நிறமாக மாறித் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்கு அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு வரும்போது படம் ஏற்கெனவே அடுத்தவர் கேலரியில் இருக்கும். அவள் ‘பயமே இல்லை’ என்பதில் விடுபட்டது இதுதான்.

அவள் கணக்கில் மெமரிஸ் என்ற இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சேமித்த படங்கள் அங்கே நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன, பார்த்ததும் மறைவதில்லை. கடவுச்சொல் தோழிக்கும் தெரியும் என்றால் அத்தனையும் தோழிக்கும் திறந்ததுதான். புதுக் கடவுச்சொல், டூ ஃபேக்டர் ஆதன்டிகேஷன் (கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு) இரண்டும் இன்றைக்கே போட வேண்டும். மறைக்க வேண்டியதை ‘மை ஐஸ் ஒன்லி’ என்ற தனிப் பூட்டுக்குள் வைக்கலாம். அதன் எண்ணை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். செட்டிங்ஸில் காண்டாக்ட் மீ, வியூ மை ஸ்டோரி இரண்டும் ஃப்ரெண்ட்ஸ் என்று இருக்கட்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு அவள் பெயரைப் பரிந்துரைக்கும் க்விக் ஆட் அணைந்திருக்கட்டும். மேப்பில் கோஸ்ட் மோட் வைக்கும்போது 3 மணி நேரம், 24 மணி நேரம், நானாக அணைக்கும் வரை என்று கேட்கும். மூன்றாவதைத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் நேரம் முடிந்ததும் அவள் இருக்கும் இடம் மறுபடி வரைபடத்தில் வந்துவிடும்.

இதையெல்லாம் போனைப் பிடுங்கிச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவளையே செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு சிக்கல் வந்தால் அவள் முதலில் உங்களிடம் ஓடி வர வேண்டும். அதுதான் எல்லா செட்டிங்ஸையும்விடப் பெரிது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டெலிகிராம், சிக்னல் என்ற வேறு செய்தி ஆப்கள் பற்றி யாராவது சொன்னால்: டெலிகிராமில் சாதாரண உரையாடல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், சீக்ரெட் சாட் மட்டும்தான் இரு போன்களுக்கு இடையே பூட்டப்பட்டது. சிக்னலில் டைமர் அவர் படித்த பிறகுதான் அவர் பக்கம் ஓடத் தொடங்கும். இன்னொரு போனின் கேமராவுக்கு முன்னால் எல்லாம் ஒன்றுதான்.

போன படங்களுக்கு வருவோம். அனைவருக்கும் அழிக்கும் வசதிக்கு இரண்டு நாளும் சில மணி நேரமும்தான் கெடு, அது தாண்டிவிட்டது. பெரியவரிடம் நேரில் அல்லது போனில் பேசுங்கள். “அழிச்சிருங்க” என்று மட்டும் சொன்னால் உரையாடலில் அழிப்பார், கேலரியில் இருக்கும். வாட்ஸப் உரையாடல், கேலரி, கேலரியின் குப்பைத் தொட்டி, கூகுள் போட்டோஸ், அதன் குப்பைத் தொட்டி என்று ஐந்து இடத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கூகுளில் பேக்கப் ஆன படம் குப்பைக்குப் போன பிறகும் 60 நாள் இருக்கும். ஐபோனில் 30 நாள். யார் யாருக்கு அனுப்பினார் என்றும் அவரிடமே கேட்டு, அந்தக் காரைக்குடி ஆச்சி உட்பட அவர்களுக்கும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். இது பேசித் தீர்க்கும் விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை.

யாராவது மகளின் படத்தை மாற்றி ஆபாசமாக்கினாலோ, அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினாலோ கதை வேறு. அப்போது மறையும் செய்தி உங்களுக்கே எதிராக வேலை செய்யும்: மிரட்டிய செய்தி ஒரு நாளில் அழிந்து, சாட்சி இல்லாமல் போகும். உடனே டைமரை அணையுங்கள். வந்த செய்திகளை, அனுப்பியவரின் போன் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வியூ ஒன்ஸில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. திறக்கும் முன்பே இன்னொரு போனைத் தயாராக வைத்துக்கொண்டு திரையைப் படம் எடுங்கள். பிறகுதான் பிளாக். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

சிவகங்கை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலோ புகார் கொடுக்கலாம்; பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைத் தளத்தில் பெயர் சொல்லாமலும் கொடுக்க இடமுண்டு. பணம் போயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு உரிய குற்றம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் உண்டு. பெண் தானே படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ‘நீதானே அனுப்பினாய்’ என்று யாரும் மகளை வாய் அடைக்க முடியாது. படம் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் 18 வயது நிறைந்தவர்களுக்கு இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதன் எண் அடையாளம் உருவாகி, அது மட்டும் போகும். 18-க்குக் கீழே என்றால் டேக் இட் டவுன் என்ற தளம்.

நகைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சு வார்த்தை தொடங்கும் நிலையில் அதைக் கேட்பவருக்கு, “எழுதித் தருகிறோம்” என்று சொல்லலாம். எத்தனை பவுன், என்ன வகை என்று எழுத்தில் போதும். பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். கணக்குக்காக நீங்கள் எடுத்து வைத்திருக்கும் படங்களைப் பேக்கப் ஆகாத ஒரு பென்டிரைவில் மாற்றி, நகை இருக்கும் லாக்கரிலேயே வைத்துவிட்டு, போனில் கேலரியிலும் குப்பைத் தொட்டியிலும் அழித்துவிடுங்கள்.